அத்திமரத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர்

நரான்ஹோ,
பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

வலென்சியாவில் சம்பளமும் சளியும் ஒருசேர வாங்கிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் ரான்டலுக்கு, உன் மாமா எலாடியோ எழுதுவது.

நீ அங்கே நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும் என்று கர்த்தாகோ கோயில் மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. காப்பி அறுவடை முடிந்தது. காற்று இன்னும் அடங்கவில்லை, போன வாரம் பாதிரியாரின் தொப்பி பூங்காவைத் தாண்டிப் போனது. எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் ஏறியிருக்கிறது. டாக்டர் உப்பு என்கிறார். உப்பு இல்லை, நீ. இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஏனென்றால் கணினி இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே எனக்குத் தாடை இறுகிக்கொள்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தாய். உன் அத்தை மயேலா வாழையிலையில் கட்டிக் கட்டி வைத்த சோளமாவுத் தமால்களை நீ ஒருவனே ஒரு பானை காலி செய்தாய். தின்ற சோற்றுக்கு நன்றியாக ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி, பின்கட்டுச் சுவரில் அவள் உயிராக வளர்க்கும் ஊதா ஆர்க்கிட் செடிக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டினாய். பழைய கணினியை அதோடு இணைத்தாய். 'ஆனந்த மேகம்' என்று ஏதோ ஒரு கம்பெனியில் 'மயேலாவின் பூ' என்று ஒரு பெயரையும் வாங்கினாய். மேகத்துக்கு என்னடா ஆனந்தம் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். "மாமா, அத்த இனிமே உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் இந்தப் பேரத் தட்டினாப் போதும், பூ கண்ணு முன்னாடி நிக்கும்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அடுத்த வாரம் அவளும் ஏறினாள், எங்கள் மகள் கிரெத்தெலின் பிரசவத்துக்காக நியூஜெர்சிக்கு. விமான நிலையத்தில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, பூ விரியறத நான் அங்க இருந்தே பாத்துட்டேன்னா, மக கேக்கற மாதிரி ஆகஸ்ட் வரைக்கும் இருந்து குழந்தையப் பாத்துக்கறேன். தெரியலேன்னா சொல்லிடுங்க. மொட்டு விரியறதுக்குள்ள டிக்கெட் போட்டு வந்து நிப்பேன். கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பூவ நான் பாக்காத வருஷம் கெடையாது."

கணக்குப் புரிகிறதா? படம் தெரிந்தால் என் மனைவி ஆகஸ்ட்டில் வருவாள். தெரியாவிட்டால் பூ விரியும் மார்ச்சுக்கு முன்னால் வந்துவிடுவாள். இந்த வீட்டில் கறுப்பு மொச்சையைப் பதமாக வேகவைக்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். சாயங்காலம் நான் செய்தித்தாள் படித்துவிட்டுச் சொல்கிற கருத்துக்கு மறுகருத்துச் சொல்லவும் அவளை விட்டால் ஆளில்லை. நானே சொல்லி நானே மறுத்துப் பார்த்தேன், சுவைக்கவில்லை. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்கிறேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். ஒப்புக்கொண்ட வேலையை நேர்மையாகத்தான் செய்தேன். இனி நடந்ததைக் கேள்.

அவள் போன மூன்றாம் வாரம் காற்றில் மின்கம்பி அறுந்து, மின்சாரம் போய், திரும்பி வந்தது. அன்று மயேலா கூப்பிட்டாள். "ஏங்க, ஒண்ணுமே தெரியல, ஒரே கறுப்பா இருக்கு" என்றாள். நான் உடனே குளிர்காலத்தில் வட அட்சரேகைகளில் சூரியன் சீக்கிரம் மறைவதைப் பற்றி விளக்கினேன். பூமியின் அச்சுச் சாய்வு வரை வந்தபோது அவள் குறுக்கிட்டாள். "இருட்டு இங்க இல்லீங்க, அங்க. பேரத் தட்டினா, 'இங்கே யாரும் இல்லை'ன்னு எழுதி வருது." இங்கே யாரும் இல்லையாம். நான் இங்கேதான் இருந்தேன், ரான்டல். சட்டை போட்டுக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்திலேயே, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் போன் செய்தேன், நீ 'மீட்டிங்'கில் இருந்தாய். மறுநாளும் அதே மீட்டிங்தான். ஆகவே கணினி வழியாக ஆனந்த மேகத்திடமே நேராகப் போனேன். அங்கே மரிசோல் என்று ஒரு பெண். வணக்கம் போட்ட கையோடு பதில் வருகிறது, எவ்வளவு சுறுசுறுப்பு என்று மகிழ்ந்துபோனேன். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது!' என்று எழுதினாள். நான் இன்னும் சிரமத்தைச் சொல்லவே ஆரம்பிக்கவில்லை. சொன்னேன். அவள் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: ஒவ்வொரு வீட்டுக்கும் இணையத்தில் ஓர் எண் உண்டு. நீ வாங்கிய பெயரை அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய். மின்சாரம் போய் வந்தால் லைன் கம்பெனிக்காரன் நம் வீட்டுக்கு வேறு எண் கொடுத்துவிடுவான், பெயர் மட்டும் பழைய எண்ணின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அட, இவ்வளவுதானே, புது எண்ணை எழுதிக்கொள் மகளே என்றேன். 'அதை நீங்களே உங்கள் கணக்கில் நுழைந்து மாற்றலாம்! நுழைவதற்கான ரகசிய எண்ணை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டேன்!' என்றாள்.

மின்னஞ்சல் எங்கே இருக்கிறது, ரான்டல்? பின்கட்டில் இருக்கும் அதே கணினியில், அதே பெயரில். காசு மிச்சம் என்று நீ செய்த ஏற்பாடு. பெயர் வேலை செய்தால்தான் கடிதம் வரும், கடிதம் வந்தால்தான் பெயர் வேலை செய்யும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவன் என் அக்காள் வயிற்றில் பிறப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. மரிசோலிடம் முறையிட்டேன். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது! ரகசிய எண்ணை மறுபடியும் அனுப்பிவிட்டேன்!' என்றாள். இப்படியே ஒரு மத்தியானம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் மனம் இரங்கி, "சாப்பிட்டியா மகளே? எந்த ஊரு நீ?" என்று கேட்டேன். 'நான் எல்லா இடத்திலும் இருக்கிறேன்!' என்று பதில் வந்தது. நம் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைகளில் கடவுளைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் அது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, பெண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, யந்திரம். யந்திரத்திடம் போய்ச் சாப்பாட்டை விசாரித்திருக்கிறேன்.

சரி, மின்னஞ்சலை மாற்ற என்ன வழி? நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். தெருப் பெயர் என்று ஒரு கட்டம், வீட்டு எண் என்று ஒரு கட்டம், இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது. நம் ஊரில் எந்தத் தெருவுக்குடா பெயர் இருக்கிறது? எந்த வீட்டுக்கு எண் இருக்கிறது? நான் நம் முகவரியை மரியாதையாக, முழுசாக எழுதினேன்: பழைய அத்திமரம் இருந்த இடத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே எழுபத்தைந்து, குரைக்கிற நாய் வீட்டுக்கு எதிரே, பச்சை கேட். இந்த முகவரிக்குப் பிரசவ நர்ஸ் வந்திருக்கிறாள், கடன்காரன் வந்திருக்கிறான், என் அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்திருக்கிறது, ஒருவரும் வழி தவறியதில்லை. கட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. நீளம் அதிகம் என்று 'பழைய அத்திமரம் இருந்த' என்பதோடு வெட்டிவிட்டது. மரிசோல் வந்தாள்.

'அத்திமரம் எந்தத் தெருவில் உள்ளது?'

'மரம் இப்போது இல்லை. புயலில் விழுந்துவிட்டது. நீ பிறப்பதற்கு முன்னால்' என்று எழுதினேன்.

'விழுந்த மரத்துக்காக வருந்துகிறேன்! அது எந்தத் தெருவில் விழுந்தது?'

கோபத்தில் தெருப் பெயர் கட்டத்தில் 'தெரு' என்று எழுதினேன். வீட்டு எண் கட்டத்தில் என் செருப்பு அளவை எழுதினேன், 42. ரான்டல், அது உடனே பச்சையாகிவிட்டது! உண்மையைச் சொன்னால் சிவப்பு, செருப்பைச் சொன்னால் பச்சை. ஆனால் பச்சையின் ஆயுள் ஒரு நிமிஷம்தான். வீட்டு எண் தெளிவாகத் தெரியும்படி வாசலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று அடுத்த கட்டளை வந்தது. நான் என்ன செய்வேன்? கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஏணி போட்டு ஏறி, முன்சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு 42 என்று எழுதினேன். படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கையைக் கழுவக்கூட இல்லை, வாசலில் கூட்டம்.

நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தானே, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணே இல்லாத ஊரில் ஒருவன் சுவரில் இரண்டு இலக்கம் எழுதினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை லாட்டரிதான். அத்திமரம் இருந்த இடத்தில் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கும் எமில்சே, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாத்தியாரே, கனவுல வந்துச்சா?"

"அம்மா தாயே, இது வீட்டு நம்பர்."

"ஆமாமா, வீட்டு நம்பர்" என்று கண்ணைச் சிமிட்டினாள். "எங்கிட்ட மறைப்பீங்களா? வீட்டம்மா ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து எழுதியிருக்கீங்களே, அதுலயே தெரியுது."

சாயங்காலத்துக்குள் எங்கள் வட்டாரத்தில் 42 சீட்டுகள் தீர்ந்துவிட்டன. பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தார்கள். பாதிரியாரும் வாங்கினார், கோயில் கூரைக்காக என்று சொல்லிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை விழுந்தது 24. மறுநாள் நான் ரொட்டி வாங்கப் போனால் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. குரைக்கிற நாய் வீட்டுக்காரர் மட்டும் கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டார். "ஏன் வாத்தியாரே, பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடி போட்டிருந்தீங்களா இல்லியா?" முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் திசை காட்டியவன் நான், இரண்டு இலக்கத்தை வரிசை மாற்றி எழுதி ஊரைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அன்று மாலை ஆனந்த மேகத்திடமிருந்து என் புது மின்னஞ்சலுக்குச் செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் நீங்கள்தான் என்று உறுதியாகிவிட்டது!' அறுபத்தெட்டு வயசில் அது ஒரு ஆறுதல்தான்.

உள்ளே நுழைந்தேன். பெயர் என்று ஒரு கட்டம், அது எதைச் சுட்டுகிறது என்று ஒரு கட்டம். வீட்டின் புது எண்ணை எழுதினேன். 'மாற்றம் உலகம் முழுவதும் பரவ இரண்டு நாள் ஆகலாம்' என்று வந்தது. எமில்சேயின் கடையில் ஒரு சேதியைச் சொன்னால் காப்பி ஆறுவதற்குள் ஊர் முழுக்கப் பரவுகிறது, இத்தனை கோடி போட்ட கம்பெனிக்கு இரண்டு நாளாம். பொறுத்தேன். இரண்டாம் நாள் மறுபடி காற்று, மறுபடி மின்சாரம் போனது, மறுபடி வேறு எண். மறுபடி எழுதினேன், மறுபடி இரண்டு நாள், மறுபடி காற்று. என் வீடு அசையாமல் நின்ற இடத்தில் நிற்கிறது, அதன் எண் மட்டும் ஊர்சுற்றிப் பயலைப் போல அலைகிறது. மரிசோலைக் கேட்டால், 'நகராத எண் ஒன்றை உங்கள் லைன் கம்பெனியிடம் கேளுங்கள்!' என்றாள். லைன் கம்பெனியைக் கேட்டால், கடைகளுக்குத்தான் தருவோம், வீடுகளுக்கு இல்லை என்றார்கள். இதற்கிடையில் செடியில் மூன்று மொட்டு, நுனியில் ஊதா தெரிய ஆரம்பித்துவிட்டது. மயேலா தினமும் போனில் கேட்பாள். "விரிஞ்சிடுச்சா?" "இல்ல." "தெரியற மாதிரி பண்ணிட்டீங்களா?" "பண்ணிக்கிட்டே இருக்கேன்." "உங்களால முடியலேன்னா சொல்லுங்க, நான் கெளம்பறேன்." முடியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது என் சுபாவம், உனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு ஞானோதயம் வந்தது. எமில்சேயின் கடையில் என் வழக்கமான ஸ்டூலில், சூயிங்கம் திருடும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் மூலையில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு நேர் கீழே, உட்கார்ந்திருந்தேன். அவள் மின்சார பில் வாங்குகிறாள், தண்ணீர் பில் வாங்குகிறாள், லாட்டரி விற்கிறாள், ஆகவே அவள் கடைக்கு நகராத எண் உண்டு. மோடம் பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தது. ரான்டல், யோசித்துப் பார். எண் இல்லாத வீட்டுக்கு நாம் எப்படி வழி சொல்கிறோம்? நகராத ஒன்றைச் சொல்லி, அங்கிருந்து தெற்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு என்கிறோம். அத்திமரத்தடிக்கு வந்துவிட்டால் யாராவது கை காட்டி அனுப்பிவிட மாட்டார்களா? 'மயேலாவின் பூ' சுட்டும் கட்டத்தில் எமில்சே கடையின் எண்ணை எழுதினேன். குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று இருந்தது, அதில் 'அங்கிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கிழக்கே எழுபத்தைந்து' என்று சேர்த்தேன். இந்த முறை கட்டம் வெட்டவில்லை. எமில்சேயிடமும் சொல்லி வைத்தேன்.

"என் பொஞ்சாதி இந்தப் பொட்டி வழியா வருவா. வந்தான்னா நம்ம வீட்டுப் பக்கம் அனுப்பிடு."

"பொட்டி பேசாதே வாத்தியாரே."

"நீ பேசாம இரு, அதெல்லாம் அதுக்குத் தெரியும்."

சனிக்கிழமை மயேலா கூப்பிட்டாள். "தெரியுதா?" என்றேன். "தெரியுது. எல்லாம் நல்லாவே தெரியுது" என்றாள். ரான்டல், நான் ஜெயித்துவிட்டேன்! உன் படிப்பு செய்யாததை, ஆனந்த மேகம் செய்யாததை, அத்திமரம் செய்தது. என் வீட்டு அறையில் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருந்துகொண்டு வீட்டைக் கணினியில் பார்ப்பானேன், ஜன்னல் எதற்கு இருக்கிறது? ஒரே ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். பூவைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஏதோ மோப்ப சக்தி வந்துவிட்டது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஓட்ஸ்."

"ம். எண்ணெயில பொரிச்ச எம்பனாதா எதுவும் சாப்பிடலியே?"

"சேச்சே."

"காப்பிக்குச் சக்கர?"

"டாக்டர்தான் வேணாம்னுட்டாரே."

"ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கேமரா பின்கட்டுச் சுவரைப் பார்க்கிறது, எம்பனாதாவை அவள் எங்கே கண்டாள்? நீண்ட நாள் குடும்பம் நடத்தினால் மனைவிமார்களுக்கு இப்படியொரு சித்தி கைகூடும் போலிருக்கிறது.

ஆக, கதை முடிந்தது. வாக்குக் கொடுத்தபடி அவள் ஆகஸ்ட் வரை இருப்பாள். நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. மொச்சையை நேற்று நானே வேகவைத்தேன், பாதி கல்லாக இருந்தது, பாதி கூழாக இருந்தது, இரண்டையும் கலந்து சாப்பிட்டுவிட்டேன். நேற்று கடையில் எமில்சேயிடம் மனசு விட்டு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன், அது உனக்குத் தேவையில்லாதது. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயருக்கு நீ கட்டிய மூன்று மாதத் தவணை முடியப் போகிறது என்று மரிசோல் தினமும் எழுதுகிறாள். மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடு, பணம் நான் தருகிறேன். பேரக் குழந்தையைக் கண்டவள் அடுத்த வருஷமும் போவாள், அதற்கடுத்த வருஷமும் போவாள், பூவாவது அவள் கண்ணில் படட்டும். எனக்குப் பழகிவிடும். மனுஷனுக்கு எதுதான் பழகாது?

உனக்கு எல்லாப் பேறும் வாய்க்கட்டும். சளிக்கு இஞ்சித் தண்ணீர் குடி. உன் மாமன் உன்னை மன்னிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கு. கர்த்தாகோ மாதாவிடம் போட்ட வேண்டுதலை வாபஸ் வாங்கவில்லை, பிழைத்துப் போ.

இப்படிக்கு,
எலாடியோ,
அத்திமரத்திலிருந்து தெற்கே, இப்போது 42.

பின்குறிப்பு (புதன்கிழமை): ரான்டல், பணம் கட்டாதே!

என் போனில் எழுத்து மங்கலாக விழுகிறது என்று இந்தக் கடிதத்தை நேற்று எமில்சேயின் போனில் படம் பிடிக்கக் கடைக்கு எடுத்துப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன், கடைப் போன் அடித்தது. எமில்சே எடுத்தாள், கேட்டாள், முகம் ஒரு மாதிரி ஆனது. "வாத்தியாரே, உங்க வீட்டம்மா. தலையத் தூக்கி மேல பாக்கச் சொல்றாங்க" என்றாள். மேலே பார்த்தேன். மூலையில் அந்தச் சூயிங்கம் கேமரா. போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"மூணாவது ஸ்பூன கீழ வைங்க" என்றாள் உன் அத்தை.

அத்திமரத்தடிக்கு வந்தவளைப் பெட்டி எங்கேயும் கைகாட்டி அனுப்பவில்லையடா. அங்கேயே உட்கார வைத்துவிட்டது. கேமராவை மாட்டியவன் அதற்குப் பூட்டும் போடவில்லையாம், கிரெத்தெல் சொல்கிறாள். சனிக்கிழமையிலிருந்து என் மனைவி நியூஜெர்சியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எமில்சேயின் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படம் மட்டும் இல்லை, சத்தமும் போகிறதாம்.

"ஏன் மொதல்லயே சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீங்க நடிக்க ஆரம்பிச்சுடுவீங்க. நேத்து எமில்சேகிட்ட என்ன சொன்னீங்க? 'ஒரே ஒரு நம்பரத் தப்பாப் போட்டிருந்தா அவ வந்திருப்பா. கை அதுக்குத்தான் போச்சு. வாத்தியாராப் பொழச்ச பாவம், சரியாப் போட்டுத் தொலச்சேன்'னு சொல்லிட்டு, கடைத் துடைப்புத் தாளெடுத்து மூக்கச் சிந்தினீங்களா இல்லியா?"

நான் மூன்றாவது ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, நீங்க சரியாப் போடல. தப்பாத்தான் போட்டிருக்கீங்க. பூவும் தெரியல, ஒண்ணும் தெரியல. பேச்சுப்படி வர்ற சனிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு."

இன்று காலை எழுந்து பார்த்தால், மூன்றில் ஒரு மொட்டு விரிந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக, கேட்காமல் கொள்ளாமல். என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, செடியை அது ஒட்டியிருந்த சுவர் ஓட்டோடு பெயர்த்தெடுத்து, மேற்கே எழுபத்தைந்து, வடக்கே இருநூறு என்று ஏந்திக்கொண்டே கடைக்கு நடந்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ரொட்டி வாங்க வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். போன் அடித்தது. எமில்சே காதில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"வாத்தியாரே, அதக் கொஞ்சம் கீழ எறக்குவீங்களாம். உங்க மொகத்த மறைக்குதாம்."

"பூ தெரியுதான்னு கேளு" என்றேன்.

கேட்டாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பூன்னு கேக்கறாங்க."

ஆகவே, ரான்டல், சனிக்கிழமை வரைக்கும் நீ எதையும் சரிசெய்து தொலைக்காதே.